கையொப்பம் வைக்குமுன்

நமது சிறுகதைகளில் ஒரு பொலிஸ் நிலையம் வந்துவிட்டால் கதை பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அநியாயம் செய்யப்பட்ட பெண் வாசற்படியில் நிற்பாள். மேசைக்குப் பின்னால் இருக்கும் காக்கிச் சட்டைக்காரர் பல் குத்திக்கொண்டே 'நாளைக்கு வா' என்பார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடப்பாள். எங்கோ ஒரு காகம் கரையும். வாசகரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். இத்தகைய கதைகள் இரண்டை நானும் எழுதியிருக்கிறேன். ஆகவே மற்றவர்களைக் குறைகூறும் தகுதியில் நின்றுகொண்டு இதை எழுதவில்லை.

அந்தக் கதைகள் பொய்யென்று சொல்ல வரவில்லை. அவை தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்துவிடுகின்றன என்பதே என் குற்றச்சாட்டு. பொலிஸ் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைவிட, உள்ளே அழைக்கப்பட்டு, கதிரை கொடுக்கப்பட்டு, முறைப்பாடு ஒழுங்காக எழுதப்பட்டு, கையொப்பமும் வைத்துவிட்டு வந்து, அதன் பிறகு தோற்றவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அவர்களைப் பற்றி நாம் எழுதுவதில்லை. ஏனென்றால் அங்கே வில்லன் இல்லை. அல்லது, இருக்கிற வில்லன்களில் நாமும் ஒருவராக இருக்கிறோம்.

நான் கிழக்கிலே ஒரு கிராமத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். 2017ஆம் ஆண்டு ஒரு காலை, என்னிடம் படித்த பிள்ளையொன்றின் தாய், வீங்கிய கையைச் சேலைத் துண்டால் கட்டிக்கொண்டு என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கணவர் கட்டாரில் தொழில். கணவரின் பங்குத் தோட்டத்தில் தேங்காய் பறிக்கப் போனவரை, எல்லைத் தகராற்றில் கணவரின் தம்பி கதியாலால் அடித்திருக்கிறான். "சேர், நீங்க கூட வந்தாப் போதும், வேற ஒண்டும் வேணாம்" என்றார். போனேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமல்ல.

எங்களுக்கு அங்கே அவமரியாதை எதுவும் நடக்கவில்லை. வாக்குமூலம் எழுதிய கான்ஸ்டபிள் சிறு வயதுக்காரர், தென்பகுதியைச் சேர்ந்தவர். விடியற்காலையிலிருந்து அந்த மேசையில் இருப்பவர்போல் களைத்துத் தெரிந்தார். கடைத்தெருவில் பழகிய அளவு தமிழ் அவருக்குத் தெரியும். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதிக்கொண்டே போனார். இடையில் அவருக்குப் புரியாத சொல்லுக்கு என் முகத்தைப் பார்த்தார். நானும் எனக்குத் தெரிந்த பேச்சுச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன். எழுதி முடித்துக் கடகடவென்று வாசித்தார். "ஹரித சேர்?" என்றார். "ஹரி" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "வைங்க தங்கச்சி" என்று நான்தான் சொன்னேன். அவர் கையொப்பம் வைத்தார்.

அந்த வாசிப்பின் நடுவே 'மஸ்ஸினா' என்ற சொல் என் காதில் விழுந்தது. நமது மச்சானும் அவர்களது மஸ்ஸினாவும் உடன்பிறந்த சொற்களல்லவா என்று, ஒரு தமிழாசிரியனுக்குரிய அற்ப சந்தோஷம் அப்போது என் மனதில் ஓடியது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தவணைக்கு மேல் தவணை. ஒரு தவணைக்கு எதிரி வரவில்லை. ஒரு தவணைக்குச் சாட்சியான பொலிஸ் உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். கடைசியில் அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, எதிரியின் சட்டத்தரணி முதல் வாக்குமூலத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார். 'எனது மைத்துனர் வெளிநாட்டில் இருக்கிறார்' என்று அதில் இருந்தது. எதிரிக் கூண்டில் நிற்பவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். மாப்பிள்ளையின் தம்பி என்றார் அவர். அப்படியென்றால் மைத்துனர்தானே? ஆம். மைத்துனர் வெளிநாட்டில் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், இங்கே உங்களை அடித்தவர் யார்?

நடந்தது இதுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் கணவனைச் சொல்லும் சொல் 'மச்சான்'. "மச்சான் கட்டார்ல இரிக்காரு, அவர்ர தம்பிதான் அடிச்ச" என்றுதான் அவர் சொன்னார். மச்சான் சிங்களத்தில் மஸ்ஸினா ஆனார். மஸ்ஸினா என்றால் கணவனல்ல, மைத்துனன். மஸ்ஸினா மறுபடி தமிழுக்கு வந்தபோது மைத்துனர் ஆனார். ஒரு பெண்ணின் வாயிலிருந்து புறப்பட்ட சொல் இரண்டு மொழி தாண்டி வந்து அவளுக்கே எதிர்ச்சாட்சி சொல்லிற்று. அவர் விளக்கத்தான் பார்த்தார். சட்டத்தரணி வாக்குமூலத்தின் கடைசி வரியை வாசித்தார்: வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறார். அதன் கீழே அவரது கையொப்பம்.

அந்த ஒரு சொல்லால் மாத்திரம் வழக்குத் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். வேறு குறைகளும் இருந்தன. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் தடுமாறிய தடுமாற்றத்தில் மற்றவையெல்லாம் சந்தேகமாகிவிட்டன. சந்தேகத்தின் பயன் எதிரிக்குப் போயிற்று. 2020இல் அவன் விடுவிக்கப்பட்டான். நீதிமன்ற வாசலில் அந்தப் பெண் என்னைக் கோபிக்கவில்லை. "சேர், நீங்க பக்கத்துலதானே இருந்த" என்று மட்டும் சொன்னார்.

ஆம். பக்கத்தில்தான் இருந்தேன்.

தீர்ப்புக்குப் பிறகுதான் ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையை அவர் எடுத்துக் காட்டினார். அதன் 109ஆம் பிரிவு சொல்வது இது: குற்றம் பற்றிய தகவலை வாய்மொழியாகக் கொடுத்தால், அது எந்த மொழியில் கொடுக்கப்பட்டதோ அந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும். கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், தகவல் கொடுப்பவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கு எழுத முடியாது என்றால் மட்டுமே, உத்தியோகத்தர் மற்ற மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டலாம்.

அந்தப் பெண் சாதாரண தரம் வரை படித்தவர். அழகான கையெழுத்து. பக்கத்தில் இருந்தவன் தமிழாசிரியன். என் சட்டைப் பையில் பேனை இருந்தது. சட்டம் கேட்டதெல்லாம் ஒரு பேனையும் ஒரு தாளும்தான். அதை நாங்கள் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

இது ஒரு நிலையத்தின் தவறோ ஒரு இளம் கான்ஸ்டபிளின் தவறோ அல்ல. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி, பொதுப் பதிவேடுகளும் அதிலேயே பேணப்பட வேண்டும் என்றது. ஏனைய மாகாணங்களில் வாழ்பவருக்கும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றும் உரிமை உண்டு. இவையெல்லாம் எழுதப்பட்டபோது பிறந்த பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். தமிழிலே நிருவாகம் நடக்க வேண்டிய ஒரு மாகாணத்தில், தமிழிலே நடக்கும் ஒரு நீதிமன்றத்துக்கு, தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் வாக்குமூலம் சிங்களத்தின் ஊடாகச் சுற்றிக்கொண்டு ஏன் வரவேண்டும்? தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர்கள் இப்போது இருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், சில இடங்களில் இருக்கிறார்கள். ஆனால் உரிமை என்பது இன்றைக்கு யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததாக இருந்தால் அதற்குப் பெயர் உரிமையல்ல, அதிர்ஷ்டம்.

பொலிஸ் திணைக்களத்தின் மீது என் குற்றச்சாட்டு இதோடு நின்றுவிடுகிறது. நம்மவர்கள் மீதான குற்றச்சாட்டு இனித்தான் தொடங்குகிறது.

முதலாவது, 'தெரிந்த ஆள்' என்ற நோய். எங்கள் ஊரில் யாருக்காவது ஒன்று நடந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன நடந்தது என்பதல்ல, 'பொலிஸில் யாரைத் தெரியும்?' என்பதுதான். அப்படி அழைத்துச் செல்லப்படும் பிரமுகர் முறைப்பாட்டுக்காரருக்காகப் பேசுகிறார். அவர் பேசியதே எழுதப்படுகிறது. அவர் பெரிய மனிதராகத் திரும்பி வருகிறார். அவர் சொன்னதற்கு ஏழு மாதம் கழித்துக் கூண்டில் நின்று பதில் சொல்பவர் வேறொருவர். நானும் அன்று அப்படியொரு தெரிந்த ஆளாகத்தான் போயிருந்தேன்.

இரண்டாவது, சமாதானம். சின்னச் சச்சரவுகளைப் பள்ளிவாசலிலோ ஊர்ப் பெரியவர் முன்னோ தீர்ப்பதை நான் வெறுக்கவில்லை. ஆனால் கை உடைக்கப்பட்டவரிடம் போய், 'குடும்ப மானம்' என்று பேசிக் கடிதம் எழுதி வாங்கும் சமாதானம், அடித்தவனுக்கு மட்டுமே சமாதானம்.

மூன்றாவது, ஒன்றும் தெரியாமல் போய், ஏமாந்து, 'காசு போய்விட்டது' என்று கதை கட்டுவது. நடக்கப் போவது என்ன என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் இராது. ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

முறைப்பாடு எந்தப் புத்தகத்தில் பதியப்படுகிறது என்பதில் பாதி விதி இருக்கிறது. குற்றப் பிரிவிலா, சிறு முறைப்பாட்டுப் பிரிவிலா என்று கேளுங்கள். புத்தகம், பக்கம், பந்தி இலக்கம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதி கேளுங்கள். காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படிக் காயப்பட்டது என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்துக்கு 'விழுந்துவிட்டேன்' என்று சொன்னால் அதுவும் எழுதப்படும், அதுவும் திரும்பி வரும்.

இரண்டொரு நாளில் எதிர்த்தரப்பும் உங்கள் மீது ஒரு முறைப்பாடு கொடுத்திருக்கும். அதைக் கேட்டு நடுங்க வேண்டாம். அது பழைய வழக்கம். பிறகு இரு தரப்பையும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். அங்கே 'விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்ற பேச்சு வரும். இணங்க விருப்பமில்லையென்றால், இல்லை என்று சொல்லலாம். அதையும் எழுதும்படி கேட்கலாம்.

சில வகைச் சிறு குற்றங்கள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்படும். அந்தச் சபை நீதிமன்றமல்ல. யாரையும் தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை. இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் குந்தியிருந்தவர்கள் எத்தனை பேர்!

சந்தேகநபர் கைதானால் அடுத்த நாளே உங்கள் வீதியால் நடந்து போவதைக் காண்பீர்கள். காசு கொடுத்துவிட்டான் என்று ஊர் சொல்லும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பதே விதிவிலக்கு. பிணையில் வந்தவன் விடுதலையானவன் அல்லன். அவன் உங்களை மிரட்டினால் அது புதியதொரு குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கவென்றே 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

மாதங்கள் போயும் ஒரு தகவலும் இல்லையென்றால் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு அவருக்கு மேலுள்ள உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டு விண்ணப்பிக்கலாம். பொலிஸாரின் நடத்தையைப் பற்றியென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உண்டு. மொழி மறுக்கப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கும் ஒரு மாதம்தான் அவகாசம். பொலிஸார் அசையவே இல்லையென்றால் சட்டத்தரணி மூலமாக நீதவானிடமே நேராகப் பிராது கொடுக்கவும் வழியிருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இவையெல்லாம் நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. பல கடிதங்களுக்குப் பதில் வராது. ஆனால் பதில் வராத கடிதத்தின் பிரதி உங்கள் கையில் இருப்பதும், ஒன்றுமே எழுதாமல் இருப்பதும் ஒன்றல்ல.

பயமாக இருக்கிறதே என்பார்கள். அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் பொலிஸ் நிலையத்தின் பக்கத்து வீதியால் போகவே தயங்கிய ஒரு காலம் இருந்தது. திருட்டுக் கொடுத்தவர்கள்கூட வாய்மூடி இருந்தார்கள். கேள்வி கேட்டால் நம்மையே விசாரிப்பார்களோ என்ற நினைப்பு. ஆனால் பயந்தவன் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் கையொப்பம் அவனைக் காப்பாற்றவில்லை. பயம் இருக்கும்போதுதான் எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லுவது அதிகம் தேவை.

நான்காவதும் கடைசியுமான குற்றச்சாட்டு ஆசிரியர்கள் மீதும் எழுத்தாளர்கள் மீதும். ஆசிரிய கலாசாலையில் இருந்த இரண்டு வருடத்தில் கடிதம் எழுதப் பழக்கும் முறையை எங்களுக்கு நன்றாகவே சொல்லித் தந்தார்கள். 'தொலைந்துபோன துவிச்சக்கரவண்டி பற்றிப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம்' என்பது எத்தனையோ வருடமாகப் பிள்ளைகள் எழுதிவரும் பயிற்சி. முகவரிக்கு இத்தனை புள்ளி, விளிப்புக்கு இத்தனை, 'இங்ஙனம்' என்பதற்கு இத்தனை. இருபது வருடமாக அதற்குச் சிவப்பு மையால் சரி போட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதிய பிள்ளை ஒருநாள் மெய்யாகவே பொலிஸ் நிலையத்தில் நிற்கும்போது, 'நானே தமிழில் எழுதித் தருகிறேன்' என்று சொல்லலாம் என்பதை ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாதே!

எழுத்தாளர்களாகிய நாம் மண்வாசனைச் சொல்லைக் கதையில் போட்டுவிட்டுப் பெருமைப்படுகிறோம். மச்சான், மதினி, மூத்தம்மா என்று எழுதி, இது எங்கள் பேச்சு மொழி என்று மார்தட்டுகிறோம். அந்தச் சொல் ஒரு பெண்ணின் வாயிலிருந்து ஒரு பதிவேட்டுக்குப் போகும் வழியில் கொல்லப்படும்போது பக்கத்தில் இருந்து 'ஹரி' என்கிறோம். சொல்லை நேசிப்பவன் சொல்லைக் காக்க வேண்டிய இடம் சஞ்சிகைப் பக்கம் மாத்திரமல்ல.

சென்ற வருடம் ஆடு திருட்டுப் போன ஒரு வயோதிபருடன் மறுபடியும் போனேன். அவருக்கு எழுத வராது. உத்தியோகத்தர் சிங்களத்தில் தொடங்கியபோது, 109ஆம் பிரிவைப் பற்றிப் பணிவாகச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே போய் யாரையோ கேட்டார். தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தர் வெளியே வந்தார். முக்கால் மணித்தியாலம் காத்திருந்ததைத் தவிர எங்களுக்கு வேறு நட்டம் வரவில்லை. கிழவர் சொன்னதை அவர் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினார். 'கறுத்தக் கிடாய்' என்று இருந்ததைக் கிழவர் திருத்தினார். "கறுப்பில்ல மகள், செம்மறை" என்றார். வெட்டித் திருத்தி எழுதி, திருத்தத்தின் பக்கத்திலும் அவரது பெருவிரல் அடையாளம் எடுக்கப்பட்டது.

ஆடுகள் கிடைக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் இருப்பது அவர் சொன்ன ஆடு.